ஆச்சியின் மூளையில் என்ன நடந்தது?

மறதி என்று பேச்சை எடுத்தாலே நம்மூரில் இரண்டே இரண்டு பதில்தான். ஒன்று, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே". இன்னொன்று, "கஜினி சூர்யா மாதிரியா?". இரண்டுமே தப்பு. கஜினியில் (2005) வருவது தலையில் அடிபட்டதால் வந்த மறதி. புதிதாக எதுவும் மனதில் பதியாது, அவ்வளவுதான். அல்சைமர் வேறு ரகம். அதில் மூளையே நாளுக்கு நாள் கரைந்துகொண்டு போகும். வயதானால் தானாக வந்துவிடுவதும் இல்லை, அது ஒரு நோய். படத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் அதே 2005-ல் வந்த மோகன்லாலின் 'தன்மாத்ரா'வைப் பாருங்கள். அல்லது 'ஓ காதல் கண்மணி'யில் (2015) லீலா சாம்சன் நடித்த பவானி ஆன்ட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது பயோடெக். இந்த செமஸ்டரில் புரதங்கள் எப்படி மடிகின்றன, தப்பாக மடிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பாடம். அதில் அல்சைமருக்கு ஒன்றரைப் பக்கம். பரீட்சைக்கு அது தாராளம். எனக்குப் போதவில்லை. அதனால் கொஞ்சம் தோண்டிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

ஏன் இந்த ஆர்வம்?

எங்கள் ஆச்சிதான் (அப்பாவின் அம்மா) காரணம். ஆச்சிக்கு இந்த நோய் இருப்பது வீட்டில் தெரியவே மூன்று வருஷம் ஆனது. முதலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். அது எல்லோரும் செய்வதுதான். பிறகு, சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் திண்ணையில் போய் உட்கார்ந்து, "காலைலேருந்து ஒரு வாய் சோறு போடல" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டவர்கள் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வீட்டுக்கே வந்து, "மாமியாரைப் பட்டினி போட்ட பாவம் சும்மா விடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தது சங்கிலி. ஆச்சியே தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, "மருமக எடுத்துட்டா" என்றாள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

இதில் குழப்பம் என்னவென்றால், ஆச்சிக்குப் பழசு எதுவும் மறக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போன புயல் அன்றைக்குத் தான் யார் வீட்டில் இருந்தாள், ராத்திரி என்ன சமையல் என்பதுவரை சொல்வாள். "புயலை இம்புட்டுத் தெளிவாச் சொல்றவளுக்கு மறதியா? எல்லாம் நடிப்பு" என்பது தெருவின் தீர்ப்பு. முதலில் பார்த்த டாக்டரும் "வயசுதான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நிறைய கேள்விகள் கேட்டு, நோயின் பெயரைச் சொன்னார்.

ஆக என் மனதில் இருந்த கேள்விகள் இரண்டு. காலையில் தின்ற இட்லி மறந்து, அத்தனை வருஷத்துப் புயல் மறக்காமல் இருப்பது எப்படி? ஆச்சி பொய் சொன்னாளா?

ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மனைவி

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51 தான். கணவர் ரயில்வே குமாஸ்தா. அந்த அம்மாவிடம் முதலில் தெரிந்த மாற்றம் மறதிகூட இல்லை, கணவர்மேல் சந்தேகம். பிறகு சமையல் தடுமாறியது, பொருட்களை ஒளித்து வைத்தார். (இதைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் தலையணை உறைதான் ஞாபகம் வந்தது.)

அங்கே இருந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுதி வைத்தார். மதியச் சாப்பாட்டில் பன்றிக்கறியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "கீரை" என்கிறார். வாயில் இருக்கும் உணவே மனதில் நிற்கவில்லை. பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு மீதியை மறந்துவிடுகிறார். தொலைந்துபோனதாக நினைத்திருந்த அந்தக் காகிதங்கள் 1990களில் மறுபடி கிடைத்தன.

1906 ஏப்ரலில் ஆகுஸ்ட இறந்தார். அல்சைமர் அப்போது மியூனிக்கில். மூளையை அங்கே வரவழைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நரம்புச் செல்களுக்கு வெளியே கறை மாதிரி படிந்திருந்த திட்டுகள். செல்களுக்கு உள்ளே நூல் சிக்குப் பிடித்த மாதிரி முடிச்சுகள். அதே வருஷம் நவம்பரில் டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1910-ல் அவருடைய மேலதிகாரி கிரேப்பலின் தன் பாடநூலில் 'அல்சைமர் நோய்' என்று பெயர் வைத்தார்.

அந்தத் திட்டும் முடிச்சும் எதனால் ஆனவை என்று தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1984-ல் கிளென்னரும் வாங்கும் திட்டில் இருக்கும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டைப் பிரித்தெடுத்தார்கள். முடிச்சில் இருப்பது டௌ என்ற புரதம் என்பது 1980களின் நடுவில் தெளிவானது. கதையின் இரண்டு வில்லன்கள் இவர்கள்தான். ஆனால் இரண்டு பேருமே பிறவி வில்லன்கள் கிடையாது.

முதல் ஆள்: கல்கண்டு

நம் நரம்புச் செல்லின் தோலில் (அதாவது செல் சவ்வில்) ஏபிபி என்று ஒரு நீளமான புரதம் குத்தி நிற்கும். பாதி வெளியே, கொஞ்சம் உள்ளே. வேலை முடிந்ததும் அதை வெட்டி அப்புறப்படுத்தக் கத்தரிக்கோல் மாதிரி சில நொதிகள் இருக்கின்றன. ஆல்பா என்ற கத்தரி வெட்டினால் பிரச்சினை இல்லை. அது சரியாக அமிலாய்டு பகுதிக்கு நடுவிலேயே வெட்டிவிடும். பீட்டா கத்தரி முதலில் வெட்டி, பிறகு காமா கத்தரி வெட்டினால்தான் அமிலாய்டு பீட்டா முழுசாக வெளியே விழும்.

இது நம் எல்லோர் மூளையிலும் தினமும் நடக்கிறது. விழும் துண்டில் பெரும்பாலும் 40 அமினோ அமிலங்கள். சிலவற்றில் 42. இந்த இரண்டு கூடுதல்தான் வினை. அந்த இரண்டுக்கும் தண்ணீர் பிடிக்காது. தண்ணீரிலிருந்து ஒளிந்துகொள்ள ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும்.

கல்கண்டு செய்வதை யோசித்துப் பாருங்கள். பாகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாகாகவே இருக்கும். உள்ளே ஒரு நூலைத் தொங்கவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு படிகம் வளர ஆரம்பிக்கும். அமிலாய்டும் அப்படித்தான். முதல் சிறு கொத்து உருவாவதற்குத்தான் நாளாகும். உருவாகிவிட்டால் அடுத்தடுத்து வருகிற துண்டுகள் அதே தப்பான மடிப்பைக் காப்பியடித்து வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு, நான்கு, பன்னிரண்டு என்று சிறு கொத்துகள். பிறகு நீண்ட நார்கள். கடைசியில் அல்சைமர் பார்த்த திட்டு.

இது ஆரம்பிப்பது நோய் தெரிவதற்குச் சுமார் 15, 20 வருஷம் முன்னால். ஆச்சி பாலைப் பொங்கவிட்டது எங்களுக்குத்தான் ஆரம்பம். அவள் மூளைக்கு அது கிட்டத்தட்ட பாதி வழி.

இரண்டாவது ஆள்: சாரக்கயிறு

நரம்புச் செல்லுக்கு நீளமான வால் உண்டு, ஆக்ஸான் என்பார்கள். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை போகும் சில ஆக்ஸான்கள் ஒரு மீட்டர் நீளம். சரக்கெல்லாம் தயாராவது செல்லின் உடலில். தேவைப்படுவது வாலின் நுனியில். எனவே உள்ளே மைக்ரோட்யூபுல் என்ற குழாய்ப் பாதைகள் ஓடுகின்றன, சரக்கு அதன்மேல் ஏறிப் போகிறது.

கட்டடம் கட்டும்போது மூங்கில் சாரம் பார்த்திருப்பீர்கள். மூங்கிலை விடாமல் பிடித்திருப்பது கயிறு. மைக்ரோட்யூபுல் மூங்கில் என்றால் டௌ தான் கயிறு. 1975-ல் இதைக் கண்டுபிடித்தபோது மூங்கிலை உருவாக்கி நிற்க வைக்க உதவும் நல்ல புரதம் என்றுதான் கண்டுபிடித்தார்கள்.

டௌ-வின்மேல் பாஸ்பேட் ஒட்டுவதும் கழற்றுவதும் வழக்கமாக நடப்பது. கயிற்றைக் கொஞ்சம் இறுக்கவும் தளர்த்தவும் செல் வைத்திருக்கும் வழி அது. அல்சைமரில் பாஸ்பேட் அளவுக்குமேல் ஒட்டிவிடுகிறது. கயிறு மூங்கிலை விட்டுவிடும். விட்டது சும்மா இருக்காமல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதுதான் முடிச்சு. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு நஷ்டம்: சாரம் ஆடுகிறது, வழியெல்லாம் கயிற்றுச் சிக்கு. சரக்குப் போகாமல் முதலில் வாலின் நுனி பட்டுப்போகிறது, பிறகு செல்லே சாகிறது.

டௌ இன்னொரு காரியமும் செய்கிறது. தப்பாக மடிந்த டௌ ஒரு செல்லிலிருந்து அதோடு தொடர்பில் இருக்கும் அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. எந்த வரிசையில் பரவுகிறது என்பதை 1991-ல் ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி விவரித்தார்கள். முதலில் என்டோரைனல் புறணி என்ற சின்னப் பகுதி. அங்கிருந்து ஹிப்போகாம்பஸ். அதன்பிறகுதான் மூளையின் மேற்பரப்பெங்கும்.

இங்கேதான் எனக்கு ஆச்சியின் இட்லி புரிந்தது. இன்று நடந்ததைப் பதிவு செய்யும் இடம் ஹிப்போகாம்பஸ். பல வருஷத்துப் பழைய நினைவு பெரும்பாலும் மேற்பரப்பு முழுக்கப் பரவி வேரோடியிருக்கும். முடிச்சு முதலில் பதிவு செய்கிற இடத்தைத்தான் பிடிக்கிறது. எனவே புயல் இருக்கும், இட்லி இருக்காது. ஆச்சி சாப்பிட்டதை மறைக்கவில்லை. அவள் மூளையில் அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை. "சோறு போடல" என்று சொன்னது அவளைப் பொறுத்தவரை சத்தியமான உண்மை. சங்கிலியும் அப்படித்தான். ஒளித்த ஞாபகம் இல்லை, சங்கிலியும் இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் பகல் முழுக்கக் கூட இருந்தது யார்? அம்மா. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாள், ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

செல் சாவதற்கு முன்பே...

ரொம்ப நாள் எல்லோரும் திட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆனால் திட்டு எண்ணிக்கைக்கும் மறதிக்கும் கணக்கு சரியாக ஒத்துவரவில்லை. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986-ல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் கலந்துகொண்டு, இறந்தபின் மூளையையும் தானம் செய்தார்கள். அதில் ஒரு சகோதரி 101 வயதுவரை தெளிவாக இருந்தவர். மூளையைத் திறந்தால் திட்டும் முடிச்சும் ஏராளம்!

மறதியோடு நன்றாக ஒத்துப்போனது சினாப்ஸ்களின் எண்ணிக்கை. இரண்டு நரம்புச் செல்கள் கைகுலுக்கும் இடம்தான் சினாப்ஸ். நினைவு என்பதே, அடிக்கடி பயன்படும் கைகுலுக்கல் பலப்படுவதுதான். 1991-ல் ராபர்ட் டெர்ரியின் குழு இந்தத் தொடர்பைக் காட்டியது. பிறகு, பெரிய திட்டைவிட அதற்கு முந்தைய சிறு கொத்துகள்தான் அதிக ஆபத்து என்று தெரியவந்தது. அவை கரைந்து, சினாப்ஸ்களுக்கு இடையே நுழையக்கூடியவை. கைகுலுக்கல் பலப்படும் வேலையையே தடுத்துவிடுகின்றன. சமிக்ஞை வாங்கும் ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. சினாப்ஸ் சுருங்குகிறது.

அதோடு முடியவில்லை. மூளையில் மைக்ரோக்லியா என்ற துப்புரவுச் செல்கள் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் தேவையில்லாத சினாப்ஸ்களை 'இதை எடு' என்று ஒரு நோயெதிர்ப்புப் புரதம் அடையாளம் போட, இவை தின்று சுத்தம் செய்யும். வளர்ந்தபின் அந்த வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். 2016-ல் பெத் ஸ்டீவன்ஸ் குழு எலிகளில் காட்டியது இதுதான்: அமிலாய்டு கொத்துகள் வந்ததும் அந்த அடையாளம் போடும் வேலை மறுபடி ஆரம்பிக்கிறது, துப்புரவுச் செல்கள் நல்ல சினாப்ஸ்களையும் தின்கின்றன. திட்டு உருவாவதற்கு முன்பே!

திரியும் வெடியும்

சரி, இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி? இதற்கு விடை தேட கொலம்பியா போகவேண்டும். அங்கே மெடயின் நகரைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் ஒரு பெருங்குடும்பம், சுமார் 6000 பேர். காமா கத்தரியின் ஒரு பாகமான ப்ரிசெனிலின்-1 மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை பரம்பரையாக வருகிறது. பிழை உள்ளவர்களுக்கு நாற்பதுகளிலேயே மறதி ஆரம்பித்துவிடும். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் (2024-ல் காலமானார்) பல பத்தாண்டுகள் இவர்களோடேயே இருந்து ஆராய்ந்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு மட்டும் பிழை இருந்தும் எழுபது வயதுவரை எதுவும் வரவில்லை. 2019-ல் காரணம் வெளியானது. அவருக்கு ஏபிஓஇ என்ற இன்னொரு மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' என்ற அபூர்வ மாற்றம், இரண்டு பிரதிகளிலும். ஸ்கேனில் பார்த்தால் அமிலாய்டு மூளை கொள்ளாமல் இருந்தது. டௌ மட்டும் அவ்வளவாகப் பரவவில்லை.

அமிலாய்டு திரி, டௌ வெடி என்று நான் புரிந்துகொண்டேன். திரியில்லாமல் வெடி பற்றாது. திரி எரிந்தாலும், வெடிக்கு நெருப்புப் போய்ச் சேராவிட்டால் வீடு தப்பிக்கும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லவேண்டும். 2006-ல் ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு கொத்துதான் நினைவை அழிக்கிறது என்று 'நேச்சர்' இதழில் பெரிய கட்டுரை வந்தது. அதில் இருந்த படங்கள் திருத்தப்பட்டவை என்று 2022-ல் கேள்வி எழுந்தது, 2024-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். "அப்போ அமிலாய்டே பொய்யா?" என்று கேட்காதீர்கள். கொலம்பியா குடும்பமும், மற்ற மரபணுச் சான்றுகளும் அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை. ஆனால் அதை நம்பி வேலை செய்த எத்தனையோ பேரின் நாட்கள் வீண்தான். நாளைக்கு லேபில் உட்காரப் போகிற நம் வகுப்புக்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நாம் போடும் ஒரு படத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய ஆச்சி இருக்கிறாள்.

மருந்து?

டோனெபெசில் போன்ற பழைய மாத்திரைகள் மிச்சமிருக்கும் செல்களைக் கொஞ்சம் உரக்கப் பேச வைக்கும், நோயை நிறுத்தாது. அமிலாய்டையே அகற்றும் புது மருந்துகள் இரண்டு. லெகனெமாப் 2023-லும் டோனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. லெகனெமாப் ஆய்வில் ஆரம்பநிலை நோயாளிகள் 1795 பேர், 18 மாதம். நலிவு 27 சதவீதம் மெதுவானது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45 தான். எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது, சிலருக்கு ரத்தக்கசிவு. போன நினைவு எதுவும் திரும்பாது. திரியைப் பிடுங்கலாம், ஏற்கெனவே வெடித்ததை ஒட்ட முடியாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது. 2025 மே மாதம் அமெரிக்காவில் டௌ-வையும் அமிலாய்டையும் ரத்தத்திலேயே அளக்கும் சோதனைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

அப்பா கேட்டது

ஆச்சி போன வருஷம் தவறிவிட்டாள். அதற்கப்புறம் அப்பா வண்டிச் சாவியைத் தேடும்போதெல்லாம் வீட்டில் ஒரு அமைதி. ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எய்யா, இது எனக்கும் வருமா?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் சொன்னது இதுதான். கொலம்பியா குடும்பம் மாதிரி நேராகப் பரம்பரையில் இறங்குவது ரொம்ப அபூர்வம், அது இளவயதிலேயே வரும். ஆச்சிக்கு வந்தது எழுபதுக்குமேல். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் அது விதி இல்லை. ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை இருந்தால்கூட நிறையப் பேருக்கு வராமலே போகிறது. 2024-ல் லான்செட் குழு சொன்னபடி உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம்வரை நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, தனிமை, காது மந்தம் எல்லாம் அதில் அடக்கம். "சாவியைத் தேடுறது பரவாயில்லப்பா. சாவி எதுக்குன்னு தெரியலன்னா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பி.பி. மாத்திரையை ஒழுங்காப் போடுங்க" என்றேன். சிரித்தார். சரியாக ஒரு வாரம் மாத்திரை போட்டார் :-)

படிக்கிற உங்களிடம் இரண்டே விஷயம். வீட்டில் பெரியவர்களுக்கு மறதி கூடினால் "வயசுதான்" என்று விடாமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி-12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது. இரண்டாவது, அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி "சோறு போடல" என்று சொன்னால், பாட்டியைப் பொய்காரி என்றும் நினைக்காதீர்கள், மருமகளைக் கொடுமைக்காரி என்றும் நினைக்காதீர்கள். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். முடிந்தால் உள்ளே போய் அந்த மருமகளிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் அம்மாவிடம் அதை யாரும் கேட்கவில்லை.